தமிழில் முடிச்சு வாலில், ஆங்கிலத்தில் தலையில்: முழு வசனத்தை இனங்காண்பது எப்படி?

மண்டூரிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். ஆங்கில ஒப்படை திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையால் மூன்று இடத்தில் 'பிராக்மென்ட்', மூன்று இடத்தில் 'ரன்-ஒன்' என்று கிறுக்கியிருந்ததாம். விளக்கம் ஒன்றும் இல்லை. (பிராக்மென்ட் என்றால் முடியாமல் நிற்கும் துண்டு வசனம்; ரன்-ஒன் என்றால் சரியான இணைப்பில்லாமல் ஒட்டிக்கிடக்கும் வசனங்கள்.) "சின்ன வசனம் என்றால் பிராக்மென்ட், நீட்டு வசனம் என்றால் ரன்-ஒன்" என்று கூட்டாளி சொன்னாளாம். அது சரியா, சரியில்லை என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பது கேள்வி. ஒப்படையின் முதல் பந்தியையும் அனுப்பியிருக்கிறார். மட்டக்களப்பு வாவிக்கு மேலுள்ள கல்லடிப் பாலம் பற்றியது. காதில் விழுகிற மாதிரித் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்:

"த ஓல்ட் கல்லடி பிரிஜ் வோஸ் ஓப்பன்ட் இன் 1924, இட் இஸ் நேம்ட் லேடி மனிங் பிரிஜ். பிகோஸ் சேர் வில்லியம் மனிங் வோஸ் த கவர்னர் அட் தட் டைம். அ நரோ அயன் பிரிஜ் ஓவர் த லகூன். ஒன்லி வன் லைன் ஒஃப் வெஹிக்கிள்ஸ் குட் கோ, ஹவ்எவர் பீப்பிள் லவ்ட் இட். ஒன் ஃபுல் மூன் நைட்ஸ் ஃபிஷர்மென் ஹியரிங் த சிங்கிங் ஃபிஷ் நியர் த பிரிஜ். இன் 2013 ஓப்பன்ட் அ நியூ பிரிஜ் நவ் பீப்பிள் வோக் ஒன் த ஓல்ட் வன்."

மகள், விஷயம் நன்றாக இருக்கிறது. பாடும் மீனையும் மறக்கவில்லை. ஆறு வசனம், ஆறிலும் பிழை. கேட்கக் கஷ்டமாக இருக்கும். ஆனால் ஆறு பிழைக்கும் வேர் ஒன்றுதான். முப்பது வருஷத்துக்கு மேல் இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படிப்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இவை ஆங்கிலம் தெரியாததால் வந்த பிழைகள் இல்லை. தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவர் தமிழின் கணக்கிலேயே ஆங்கிலத்தை எழுதியதால் வந்தவை.

முதலில் கூட்டாளியின் கதையை முடித்துவிடுவோம். நீளத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. 'கம்.' இது ஒரு சொல், ஆனால் முழு வசனம். 'வா' என்று ஏவும்போது 'நீ' என்ற எழுவாய் சொல்லாமலே உள்ளே இருக்கிறது, தமிழிலும் அப்படித்தான். இப்போது இதைப் பாருங்கள்: 'த பொய்ஸ் செலிங் பஃபலோ கேர்ட் நியர் த பஸ் ஸ்ராண்ட் இன் பட்டிக்கலோ எவ்ரி மோர்னிங் இன் த ஹொட் சன்'. பதினேழு சொல். எருமைத் தயிர் இருக்கிறது, பஸ் ஸ்ராண்ட் இருக்கிறது, காலை வெயில்கூட இருக்கிறது. வசனம் மட்டும் இல்லை. 'தினமும் காலையில் கொளுத்தும் வெயிலில் மட்டக்களப்பு பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்தில் எருமைத் தயிர் விற்கும் பையன்கள்' என்று சொல்லிவிட்டு ஒருவர் வாயை மூடினால், "பையன்கள்? அவர்களுக்கு என்ன?" என்று கேட்கமாட்டீர்களா? அந்தக் கேள்வி எழுந்தால் அது பிராக்மென்ட்.

இதற்குத் தமிழ் இலக்கணத்தில் பெயர் இருக்கிறது: எச்சம். சொல்லி முடியாமல் எஞ்சி நிற்பது. 'விற்கும்' பெயரெச்சம், 'விற்று' வினையெச்சம், 'விற்கிறார்கள்' வினைமுற்று. இந்த மூன்றையும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகூட மாற்றிப் பேசாது. 'நேற்றுச் சந்தைக்குப் போய்' என்று சொல்லிவிட்டு யாரும் முற்றுப்புள்ளி வைப்பதில்லை. அப்படியிருக்க ஆங்கிலத்தில் மட்டும் ஏன் வைக்கிறோம்?

தமிழில் வினை வசனத்தின் கடைசியில் வருகிறது. வசனம் முடிந்ததா இல்லையா என்பதை அந்தக் கடைசிச் சொல்லே சொல்லிவிடும். பழைய ஏட்டுச் சுவடிகளில் காற்புள்ளியும் இல்லை, முற்றுப்புள்ளியும் இல்லை; அச்சோடும் ஐரோப்பியரோடும் வந்த குறிகள் அவை. குறி இல்லாமலே வாசித்தார்கள், ஏனென்றால் வினைமுற்று வந்தால் அதுவே புள்ளி. ஆங்கிலத்தில் வினை நடுவில் நிற்கிறது. 'வீ வென்ட் ரு பாசிக்குடா இன் அ வான் வித் அவர் கசின்ஸ் ஒன் சண்டே' என்றால் 'வென்ட்' இரண்டாவது சொல். வசனம் எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாது. ஆகவே எழுதுகிறவர்தான் புள்ளி வைத்துக் காட்ட வேண்டும். தமிழ்க் காது வினையை நம்பிப் பழகிய காது. ஆங்கிலத்தில் அது ஏமாறுகிறது.

இன்னொரு வித்தியாசம் இதைவிட முக்கியம். 'பஸ் பிந்தியதால்' என்ற சொற்றொடரில், 'இது முடியவில்லை, மிச்சம் வருகிறது' என்று சொல்லும் துண்டு எது? கடைசியில் ஒட்டியிருக்கும் 'ஆல்'. 'பஸ் வந்தபோது', 'பஸ் வந்தால்', 'பஸ் வந்தாலும்' எல்லாவற்றிலும் முடிச்சு வாலில்தான். ஆங்கிலத்திலோ அதே முடிச்சு தலையில்: 'பிகோஸ்', 'வென்', 'இஃப்', 'ஓல்தோ'. 'த பஸ் வோஸ் லேட்' முழு வசனம். அதன் தலையில் 'பிகோஸ்' ஏறியவுடன், உள்ளே ஒரு எழுத்தும் மாறாமல், அது எச்சமாகிவிடுகிறது. தமிழர் வாலையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். வால் 'வோஸ் லேட்' என்று சுத்தமாக முடிந்திருக்கிறது, புள்ளி வைத்துவிடுகிறோம். மகள், ஆங்கிலத்தில் எழுதியதைத் திருத்தும்போது ஒவ்வொரு வசனத்தின் முதல் சொல்லையும் பாருங்கள். வேறொன்றையும் நினைவில் வைக்காவிட்டாலும் பரவாயில்லை.

'பிகோஸ்' விஷயத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. அதை 'ஏனென்றால்' என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். தமிழில் 'நான் பிந்தி வந்தேன். ஏனென்றால் பஸ் பிந்திவிட்டது.' என்று இரண்டு வசனமாக எழுதலாம், பிழையே இல்லை. மேலே சுவடி பற்றிச் சொன்ன இடத்தில் நானும் 'ஏனென்றால்' போட்டிருக்கிறேன், வேண்டுமானால் அங்கே புள்ளி வைத்துப் பாருங்கள், நிற்கும். 'பிகோஸ்' அப்படி நிற்காது. அதற்குச் சரியான தமிழ் 'ஏனென்றால்' இல்லை, வாலில் வரும் 'ஆல்'தான். உங்கள் இரண்டாவது வசனத்தை 'அப்போது சேர் வில்லியம் மனிங் ஆளுநராக இருந்ததால்.' என்று தமிழில் எழுதிப் பாருங்கள். உங்கள் கையே புள்ளி வைக்க மறுக்கும்.

இதற்குப் பயந்து சில ரீச்சர்மார் 'பிகோஸில் வசனம் தொடங்கவே கூடாது' என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். தேவையில்லாத சட்டம். 'பிகோஸ் த பிரிஜ் வோஸ் நரோ, த பஸஸ் வெய்ற்றட்.' தாராளமாக எழுதலாம். முடிச்சு போட்டீர்கள், பின்னால் அதை அவிழ்த்தும் விட்டீர்கள். அவிழ்க்காமல் விடுவதுதான் குற்றம்.

'விச்' என்ற சொல்லும் இதே இனம். 'மை வில்லேஜ் இஸ் மண்டூர். விச் இஸ் ஃபேமஸ் ஃபோர் த முருகன் ரெம்பிள்.' நம் பிள்ளைகள் 'விச்' என்றால் 'அது' என்று நினைக்கிறார்கள். 'அது' என்று எழுத வேண்டுமானால் 'இட்' இருக்கிறது. 'விச்' முந்திய பெயரில் தொங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் புள்ளி வைத்தால் கயிறு அறுந்துவிடும். 'சச் அஸ்', 'எஸ்பெஷலி' என்று தொடங்கிப் பட்டியல் மட்டும் போட்டுவிட்டு நிறுத்துவதும் இப்படித்தான்.

மூன்றாவது வசனத்துக்கு வருவோம். 'அ நரோ அயன் பிரிஜ் ஓவர் த லகூன்.' இதில் வினையே இல்லை. தமிழில் 'அது வாவிக்கு மேலே ஒடுங்கிய இரும்புப் பாலம்' என்றால் வினை இல்லாமலே முழு வசனம்; பெயரே பயனிலையாக நிற்கும். 'அப்பா மீனவர்', 'அம்மா வீட்டில்', 'வயல் சம்மாந்துறையில்' எல்லாம் தமிழில் நிறைவான பேச்சு. ஆங்கிலத்தில் இங்கே 'இஸ்', 'வோஸ்' கட்டாயம். அதற்குப் பெரிய கருத்து ஒன்றும் கிடையாது. ஆனால் அது இல்லாவிட்டால் வசனம் எழும்பாது.

ஐந்தாவது 'ஃபிஷர்மென் ஹியரிங்'. 'இங்' மட்டும் தனியே நின்றால் முற்றுவினை ஆகாது. 'ஆர்', 'வேர்' என்ற துணை வந்தால்தான் ஆகும். 'ஹியரிங்' தனியே நின்றால் 'கேட்டுக்கொண்டு', துணையோடு நின்றால் 'கேட்டுக்கொண்டிருந்தார்கள்'. ஆனால் 'ஹியர்' என்ற வினை பழக்கத்தைச் சொல்லும்போது 'இங்' ஏற்பதில்லை. அங்கே நேராக 'ஹேர்ட்' என்று எழுதுங்கள்.

இங்கே ஒரு கிளைக் கதை. கச்சேரிக்கும் கந்தோருக்கும் கடிதம் எழுதிப் பழகியவர்கள் 'தாங்கிங் யூ.' என்று முடிப்பார்கள். 'ஹோப்பிங் ஃபோர் அ ஃபேவரபிள் ரிப்ளை.' என்றும் முடிப்பார்கள். இரண்டும் பிராக்மென்ட். பழைய காலத்து ஆங்கிலக் கடிதங்களில் இதற்குப் பின்னால் 'ஐ ரிமெய்ன், சேர், யுவர் ஒபீடியன்ட் சேர்வன்ட்' என்று வரும். 'நல்ல பதிலை எதிர்பார்த்து, தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியனாக இருக்கிறேன்' என்ற முழு வசனம் அது. காலம் போகப் போக 'ஐ ரிமெய்ன்' கழன்று விழுந்தது. தலையில்லாத 'ஹோப்பிங்' மட்டும் இன்றைக்கும் தட்டச்சாகிக்கொண்டிருக்கிறது. நானும் முதல் வேலைக்கு விண்ணப்பித்தபோது அப்படித்தான் எழுதினேன், வேலையும் கிடைத்தது. இன்றைக்கு எழுதுவதானால் 'ஐ ஹோப் ரு ஹியர் ஃப்ரொம் யூ' என்றே எழுதுவேன்.

'இங்' எளிதில் தெரிந்துவிடும். தெரியாமல் ஏமாற்றுவது இறந்தகாலம். 'ஹி போட் அ போட்' என்பதில் 'போட்' என்ற வினை 'வாங்கினான்'. (ஆங்கிலத்தில் வாங்கினதும் படகும் தமிழ் எழுத்தில் ஒன்றாகத் தெரிகின்றன, பொறுத்துக்கொள்ளுங்கள், படகை இனிப் படகு என்றே எழுதுகிறேன்.) 'த படகு போட் இன் வாழைச்சேனை' என்றால் அதே 'போட்' இப்போது 'வாழைச்சேனையில் வாங்கிய'. பெயரெச்சம்! தமிழில் வாங்கினான், வாங்கிய என்று உருவமே மாறிவிடும். ஆங்கிலத்தில் சட்டை மாற்றாமல் நிற்கும். வாங்கியது படகா என்று கேளுங்கள். படகு எதையும் வாங்காது. அப்படியென்றால் முற்றுவினை இன்னும் வரவில்லை.

கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஒரு சோதனை இருக்கிறது. எழுதியதை 'ஆமா, இல்லையா' என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியாக மாற்றிப் பாருங்கள். 'த பிரிஜ் வோஸ் நரோ' என்றால் 'வோஸ் த பிரிஜ் நரோ?' என்று கேட்கலாம். முழு வசனம். 'பிகோஸ் சேர் வில்லியம் மனிங் வோஸ் த கவர்னர்' என்பதை மாற்றப் போனால் 'பிகோஸ்' தொண்டையில் முள்ளாக நிற்கும். 'அ நரோ அயன் பிரிஜ்' என்பதில் முன்னுக்குக் கொண்டுவர ஒன்றுமே இல்லை. ஏவல் வசனத்துக்கு மட்டும் இந்தச் சோதனை சரிவராது. அதே சோதனை ரன்-ஒன்னையும் பிடிக்கும்: ஒரு வசனத்தை மாற்றும்போது இரண்டு கேள்வி தனித்தனியாக வெளியே வந்து விழுந்தால் அங்கே இரண்டு வசனம் ஒட்டிக்கிடக்கிறது. உங்கள் முதல் வசனம் அப்படி. '1924இல் திறக்கப்பட்டதா?', 'அதற்கு லேடி மனிங் என்று பெயரா?' இரண்டு கேள்வி. நடுவில் இருப்பது ஒரு கொமா. கொமாவால் இரண்டு முழு வசனத்தைக் கட்டி வைக்க முடியாது. அதற்கு அவ்வளவு பலமில்லை.

நமக்கு இது ஏன் பிழையாகப் படுவதில்லை? 'மாரி பொழிந்தது, உன்னிச்சைக் குளம் நிறைந்தது, வயல் விளைந்தது.' இதில் என்ன குறை? ஒன்றுமில்லை, அழகாகவே இருக்கிறது. ஒவ்வொரு வினைமுற்றும் தானே எல்லை காட்டுவதால் கொமா போதும். ஆங்கிலத்திலும் ஜூலியஸ் சீசர் சொன்னதாக வரும் 'ஐ கேம், ஐ சோ, ஐ கொங்கர்ட்' கொமாவோடுதான் நிற்கிறது. ஒரே அச்சில் வார்த்த மூன்று குட்டி வசனங்களுக்கு அந்தச் சலுகை உண்டு. ஒப்படையில் அந்தச் சலுகையைக் கேட்காதீர்கள்.

'மூச்சு விடுகிற இடத்தில் கொமா போடு' என்று சொல்லிக் கொடுத்த வாத்தியார்மாரும் இதற்குப் பொறுப்பு. நானும் சில வருஷம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வசனம் முடிகிற இடத்திலும் மூச்சு விடுகிறோமே! மூச்சை அளவாக வைத்தால் புள்ளி வைக்க வேண்டிய இடமெல்லாம் கொமா விழும்.

மூச்சை விட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள். ஒரு வசனத்தில் முற்றுவினைகள் எத்தனை என்று எண்ணுங்கள். இணைக்கும் சொற்கள் அதைவிட ஒன்று குறைவாக இருக்க வேண்டும். இரண்டு வினைக்கு ஓர் இணைப்பு, மூன்று வினைக்கு இரண்டு. இணைப்பு கூடிவிட்டால் பிராக்மென்ட், குறைந்துவிட்டால் ரன்-ஒன். உங்கள் இரண்டாவது வசனத்தில் வினை ஒன்று 'வோஸ்', இணைப்பு ஒன்று 'பிகோஸ்'. ஓர் இணைப்பு கூட. கடைசி வசனத்தில் 'ஓப்பன்ட்', 'வோக்' என்று இரண்டு வினை, இணைப்பு பூச்சியம். சீசர் மாதிரி வினைகளை அடுக்கும்போது அடுக்குக் கொமாவும் இணைப்பாக எண்ணப்படும். 'ஹி செட் ஹி வுட் கம்' போன்ற இடத்தில் 'தட்' ஒளிந்திருக்கும், அதையும் எண்ணுங்கள்.

எது இணைப்புச் சொல் என்பதில்தான் 'ஹவ்எவர்' வந்து குழப்பும். 'பட்' இணைப்பு, 'ஹவ்எவர்' இணைப்பில்லை. இரண்டுக்கும் தமிழில் 'ஆனால்' என்று படித்ததால் வந்த வினை. இடம் மாற்றிப் பாருங்கள். 'பீப்பிள், ஹவ்எவர், லவ்ட் இட்' என்று நடுவிலும் வைக்கலாம், கடைசிக்கும் தள்ளலாம். 'பட்' அசையாது, 'பீப்பிள் பட் லவ்ட் இட்' என்று இந்தப் பொருளில் எவரும் எழுதமாட்டார். அசைகிற ஆணி பலகையைப் பிடிக்காது. 'தெயர்ஃபோர்', 'தென்', 'ஓல்ஸோ' எல்லாம் அசைகிற ஆணிகள். 'வீ வென்ட் ரு பாசிக்குடா, தென் வீ ஸ்வாம்' என்பது அதனால்தான் பிழை. அசையாத ஆணிகள் ஏழுதான்: அன்ட், பட், ஓர், நோர், ஃபோர், யெட், ஸோ. இரண்டு முழு வசனத்துக்கு நடுவில் கொமாவோடு இவற்றில் ஒன்று வந்தால் பிழை போய்விடும்.

திருத்துவதற்கு வேறு வழிகளும் உண்டு. முற்றுப்புள்ளி வைக்கலாம், சந்தேகம் வந்தால் எப்போதும் அதுதான் என் தெரிவு. ஒரு வசனத்தின் தலையில் முடிச்சுப் போட்டு மற்றதோடு கட்டலாம். அரைப்புள்ளியும் வைக்கலாம். ஆனால் முதலாம் வருஷத்துப் பிள்ளைகள் அரைப்புள்ளியைக் கறிவேப்பிலை போலத் தூவுவதைப் பார்த்த பிறகு அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்றே சொல்வேன்.

மிச்சமிருப்பது எழுவாய். 'இன் 2013 ஓப்பன்ட் அ நியூ பிரிஜ்'. யார் திறந்தார்கள்? தமிழில் 'புதுப் பாலம் திறந்தார்கள்' என்றால் 'ஆர்கள்' என்ற விகுதியிலேயே ஆள் இருக்கிறார். 'வந்தேன்' என்பதில் 'நான்' இருக்கிறது. ஆங்கில வினையில் ஆள் இல்லை, வெளியே நிறுத்த வேண்டும். நிறுத்த ஆளே இல்லாவிட்டால் பொம்மையாவது நிறுத்துவார்கள்: 'இட் இஸ் ரெயினிங்' என்பதில் 'இட்' யார்? ஒருவருமில்லை, நாற்காலி காலியாக இருக்கக்கூடாது என்பதற்காக இருத்திய பொம்மை. 'இன் மை வில்லேஜ் ஹாஸ் அ ரெம்பிள்' என்று நம் பக்கத்துக் கொப்பிகளில் நான் எத்தனை தரம் வெட்டியிருப்பேன்! 'தெயர் இஸ்' என்ற பொம்மை அங்கே வர வேண்டும்.

இனிப் பந்தியைத் திருத்தித் தருகிறேன், உங்கள் சொற்களை முடிந்தவரை தொடாமல்:

"த ஓல்ட் கல்லடி பிரிஜ், விச் இஸ் நேம்ட் லேடி மனிங் பிரிஜ், வோஸ் ஓப்பன்ட் இன் 1924. இட் கொட் தட் நேம் பிகோஸ் சேர் வில்லியம் மனிங் வோஸ் த கவர்னர் அட் தட் டைம், அன்ட் லேடி மனிங் வோஸ் ஹிஸ் வைஃப். இட் வோஸ் அ நரோ அயன் பிரிஜ் ஓவர் த லகூன். ஒன்லி வன் லைன் ஒஃப் வெஹிக்கிள்ஸ் குட் கோ, பட் பீப்பிள் லவ்ட் இட். ஒன் ஃபுல் மூன் நைட்ஸ் ஃபிஷர்மென் ஹேர்ட் த சிங்கிங் ஃபிஷ் நியர் த பிரிஜ். இன் 2013 அ நியூ பிரிஜ் வோஸ் ஓப்பன்ட், அன்ட் நவ் பீப்பிள் வோக் ஒன் த ஓல்ட் வன்."

இரண்டாவது வசனத்தில் ஆளுநரின் மனைவி என்பதை நான் சேர்த்தேன். ஆளுநரைச் சொல்லிவிட்டு 'லேடி' எங்கிருந்து வந்தார் என்று சொல்லாமல் விட்டிருந்தீர்கள். அது இலக்கணப் பிழை இல்லை, வாசிக்கிறவர் கேட்கக்கூடிய கேள்வி. மூன்றாவதை, பாலத்தைப் பற்றிக் கதை எழுதுவதானால், நீங்கள் எழுதியபடி வினை இல்லாமலே விட்டிருப்பேன். கதையில் அது நன்றாகவே இருக்கும். ஒப்படையில் விரிவுரையாளர் மறுபடியும் சிவப்பு மையை எடுப்பார்.